அதிகம் பேசப்படாத, வீட்டில் பார்க்கத் தகுந்த சில தமிழ்ப் படங்கள்

வயதான பெற்றோர், வேலைக்குப் போகும் கணவன் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள் என ஐந்து பேர் இருக்கும் வீடு; வாரந்தோறும் வரும் புதுப் படங்கள் அலுத்துவிட்டன; பலமுறை பார்த்துச் சலித்த பெரிய படங்களும் வேண்டாம்; அதிகம் பேசப்படாத, ஆனால் தவறவிடக் கூடாத தமிழ்ப் படங்கள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கீழே சொல்லப்போகும் படங்களில் பல, வெளியான காலத்தில் தமக்குப் பொருந்தாத கூட்டத்தின் முன்னால் திரையிடப்பட்டவை. தாழ்ந்த குரலில் பேசுகிற, நடுநடுவே பேசாமலேயே இருந்துவிடுகிற ஒரு படத்தைப் பண்டிகை நாள் விசில் சத்தத்துக்கிடையே பார்ப்பதைவிட நாலைந்து பேர் அமர்ந்திருக்கும் கூடத்தில் பார்ப்பது மேல் என்பது என் எண்ணம். எனவே வீட்டுத் திரையில் குறைந்துபோகாத, சில சமயம் கூடுதலாகவே சோபிக்கிற படங்களாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது 1978 தீபாவளியை ஒட்டி வந்த ‘அவள் அப்படித்தான்’. கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீப்ரியா ஆகிய மூவரும் நடித்து, இளையராஜா இசையமைத்த ஒரு படத்தைக் கவனிக்கப்படாதது என்று சொல்வது விந்தையாகத் தோன்றலாம். விமர்சகர்களின் பட்டியல்களில் அது தவறாமல் இடம்பெறுகிறது என்பதும் உண்மைதான். ஆனால் கமல்ஹாசன் பாடிய ‘பன்னீர் புஷ்பங்களே’ பாட்டையும் யேசுதாஸ் பாடிய ‘உறவுகள் தொடர்கதை’யையும் முணுமுணுக்கத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் படத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்திருக்கிறார்கள் என்று உங்கள் உறவினர்களிடம் விசாரித்துப் பாருங்கள். சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்ற ருத்ரய்யாவின் முதல் படம் இது. வண்ணப் படங்கள் பெருகிவிட்ட நேரத்தில் கறுப்பு வெள்ளையில், நல்லுசாமி, ஞானசேகரன் இருவரின் ஒளிப்பதிவில் எடுக்கப்பட்டது; எழுத்தாளர் வண்ணநிலவனுக்கும் அதன் எழுத்தில் பங்குண்டு.

விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் மஞ்சு, அந்த நிறுவனத்தின் முதலாளி தியாகு, பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வரும் அருண் ஆகிய மூவருக்குள் கதை நிற்கிறது. ரஜினியின் தியாகு பெண்களை வாய்கூசாமல் இழிவாகப் பேசுகிறவன். அவனை எப்படிச் சமாளிப்பது என்பது மஞ்சுவுக்குத் தெரியும். கமலின் அருண் நல்லவன், படித்தவன், பெண்களின் நிலையைப் பற்றி அக்கறை உள்ளவன்; அவனிடம்தான் அவளுக்குச் சிக்கல் வருகிறது. தன்னைப் புரிந்துகொண்டுவிட்டதாக நினைக்கும் ஆணுக்கும் புரிந்துகொள்ளப்படுவதையே சந்தேகிக்கும் பெண்ணுக்கும் இடையே நடக்கும் உரையாடல்களில், யார் பக்கம் நிற்பது என்று படம் நமக்குச் சொல்லித் தருவதில்லை. ஸ்ரீப்ரியாவும் நம் பரிவைக் கேட்டு வாங்கும் ஒரு பார்வையைக்கூடப் பார்ப்பதில்லை. எரிந்து விழுகிறார், வேண்டுமென்றே புண்படுத்துகிறார், அடுத்த காட்சியில் தனியே உடைந்துபோகிறார். முடிவுக்கு அருகில் சிறிது நேரமே வரும் சரிதா, ஒரு கேள்விக்குச் சொல்லும் மிகச் சாதாரணமான பதிலைக் கவனியுங்கள். அதுவரை பேசிய பேச்சு முழுவதையும் அந்த ஒரு வரி அசைத்துவிடுகிறது. இந்தப் படத்தை உங்கள் மகளோடு சேர்ந்து பாருங்கள், முடிந்ததும் ஒரு மணி நேரமாவது விவாதம் நடக்கும். ருத்ரய்யா இதற்குப் பிறகு 1980இல் ‘கிராமத்து அத்தியாயம்’ என்ற ஒரு படம் மட்டுமே எடுத்தார். மூன்றாவது படம் எடுக்க வாய்க்காமலேயே 2014இல் காலமானார்.

உங்கள் பெற்றோருக்கு என்று தனியாக யோசித்தால், ஏ. பீம்சிங்கின் கடைசிக் காலப் படங்கள் இரண்டைச் சொல்வேன். ‘பாசமலர்’, ‘பாவமன்னிப்பு’, ‘பாலும் பழமும்’ ஆகிய படங்களை ஒரே ஆண்டில் தந்து தமிழ்நாட்டையே அழவைத்தவர் என்றுதான் அவரை அந்தத் தலைமுறை அறியும். அவரே ஜெயகாந்தனின் நாவல்களை எடுத்துக்கொண்டு 1977இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’, 1978இல் ‘ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்’ என்று, கண்ணீரை வேண்டுமென்றே தள்ளிவைத்துவிட்டு இரு படங்கள் எடுத்தார் என்பது பலருக்கு நினைவில் இல்லை. முதல் படத்தில் கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்ததால் அதன் பெயராவது நிலைத்தது. இரண்டாவது படம் பீம்சிங் மறைந்த பிறகு வெளிவந்தது. நான் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். மேடை நடிகை கல்யாணியும் நாடக விமர்சனம் எழுதும் பத்திரிகையாளன் ரங்காவும் மணந்துகொள்கிறார்கள். அன்பு என்றால் என்ன என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பிரிவதையும் கூச்சலில்லாமல் பேசியே முடிவு செய்ய முயல்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி இருவர் நாகரிகமாக ஒருவரையொருவர் காயப்படுத்திக்கொள்வதை லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்திருக்கும் விதத்துக்கு ஈடு அந்தக் காலத் தமிழ்ப் படங்களில் குறைவு. குறையையும் சொல்லிவிடுகிறேன்: நாவலின் வாக்கியங்கள் அப்படியே வாயில் வருவதால் சில காட்சிகள் படிக்கப்படுவது போலவே ஒலிக்கும். ஜெயகாந்தனைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அதுவே சுவையாகவும் இருக்கலாம். ஸ்ரீகாந்த் என்ற நடிகரை வில்லனாக மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த இரு படங்களையும் அவருக்காகவே பார்க்கலாம்.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு அதிலிருந்து தொடங்குங்கள். சென்னையில் சொந்தமாக ஒரு சிறு வீடு கட்டப் புறப்படும் ஒரு பெண்ணின் கதை; அந்தப் பெண்ணாக அர்ச்சனா. பாட்டு கிடையாது, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பிலிருந்து எடுத்தாண்ட இசைதான் பின்னணியில் ஒலிக்கிறது. கட்டி முடியாத வீட்டைப் பார்க்க அவளுடைய தாத்தா தனியாகப் போகும் பகுதியில் சொக்கலிங்க பாகவதரின் கைகளை மட்டும் கவனித்தால் போதும். இந்தப் படத்தின் நெகடிவ் இப்போது இல்லை என்று இயக்குநரே வேதனையோடு பொதுவில் சொல்லியிருக்கிறார். ஆகவே கிடைக்கிற பிரதியின் மங்கலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்தப் படத்தின் புகழுக்குப் பின்னால் மறைந்துபோனது, அதற்கு அடுத்து அதே இயக்குநர் தூர்தர்ஷனுக்காக எடுத்த ‘சந்தியா ராகம்’ (1989). அதே சொக்கலிங்க பாகவதர், அதே அர்ச்சனா, கூடவே ஓவியர் வீர சந்தானம். கிராமத்தில் மனைவியை இழந்த முதியவர் ஒருவர் சென்னையில் தம் அண்ணன் தம்பி பிள்ளை ஒருவனின் வாடகை வீட்டுக்கு வந்து சேர்கிறார். அந்த வீட்டில் யாருமே கெட்டவர்கள் இல்லை. அவனுடைய சம்பளம் அளவானது, மனைவி கருவுற்றிருக்கிறாள், ஏற்கெனவே ஒரு பெண்குழந்தை இருக்கிறது, இப்போது உலையில் இன்னொருவருக்கும் சேர்த்து அரிசி போட வேண்டும். முதியவர்களைப் பற்றி எடுக்கப்பட்ட நம் படங்களில் கொடுமைக்கார மருமகள் ஒருத்தி இருந்தே தீர வேண்டும் என்பது எழுதாத சட்டம் போல இருந்த காலத்தில், பற்றாக்குறையை மட்டும் வைத்துக்கொண்டு, அது எப்படி நல்லவர்களின் பேச்சில் மெல்லக் கசப்பை ஏற்றுகிறது என்பதைப் பாலு மகேந்திரா காட்டினார். அர்ச்சனாவின் முகத்தில் சலிப்பும் அதற்கான குற்ற உணர்வும் ஒரே நேரத்தில் வந்து போகும். குடும்ப நலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது என்றாலும், அரசு விளம்பரப் படத்தை நினைவூட்டும் அந்த விருதின் பெயர் இதற்கு நன்மை செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் இதை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாமா என்று நீங்கள் தயங்கக்கூடும். என் கருத்தில் முதலில் நீங்கள் கணவன் மனைவி இருவரும் பார்த்துவிட்டு, பிறகு முடிவு செய்வது நல்லது.

தேசிய விருது வாங்கியும் திரையரங்குகளில் நிலைக்காத பழைய படங்களின் வரிசை நீளமானது. அவற்றில் மூன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய ‘திக்கற்ற பார்வதி’ (1974) ராஜாஜியின் கதையிலிருந்து உருவானது. குடி ஒரு குடியானவனின் வீட்டுக்குள் நுழைந்த பிறகு அவன் மனைவியின் வாழ்க்கை எந்தெந்தக் கைகளுக்குப் போகிறது என்பதை அது சொல்கிறது. இங்கும் லட்சுமியும் ஸ்ரீகாந்தும்தான். இசை, வீணைக் கலைஞர் சிட்டிபாபு. பின்னாளில் ‘அபூர்வ சகோதரர்கள்’ எடுத்தவர் இவ்வளவு இறுக்கமான ஒரு படத்தை எடுத்திருக்கிறார் என்பதை நம்புவதே கடினம். ஹரிஹரனின் ‘ஏழாவது மனிதன்’ (1982) ரகுவரனின் முதல் படம். ஆலைப் புகைக்கு எதிராக ஒரு கிராமம் எழுவது கதை. பாரதி நூற்றாண்டு வேளையில் வந்த அந்தப் படத்தில் பாட்டெல்லாம் பாரதியார் பாட்டு, இசை எல். வைத்தியநாதன். ‘காக்கைச் சிறகினிலே’ என்று யேசுதாஸ் தொடங்கும் பாட்டை நீங்கள் நூறு முறை கேட்டிருப்பீர்கள், அது இந்தப் படத்தில் வருவது என்று தெரியாமலேயே. கதை சொல்லலில் பிரசாரத்தின் விறைப்பு கொஞ்சம் உண்டு. ரகுவரனுக்காகவும் பாட்டுகளுக்காகவும் அதை மன்னிக்கலாம்.

மூன்றாவது, கே.எஸ். சேதுமாதவனின் ‘மறுபக்கம்’ (1991). இந்தியாவின் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரை விருதை வாங்கிய முதல் தமிழ்ப் படம் இதுதான் என்பதைச் சொன்னால் பலர் வியப்படைகிறார்கள். இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’ கதையைத் தழுவியது. சாகக் கிடக்கும் ஆசாரமான தந்தையைப் பார்க்க, தன் விருப்பத்துக்கு மணம் புரிந்துகொண்டு பிரிந்துபோன மகன் டெல்லியிலிருந்து கும்பகோணத்துக்கு வருகிறான். தந்தை வேம்பு ஐயராக சிவகுமார். மகனுக்கு அநீதி இழைத்த பிடிவாதக்காரராகவே அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு, அவருடைய இளமையின் பக்கம் ஒன்று திறந்து காட்டப்படும்போது, அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பது விளங்குகிறது. இங்கேயும் இசை எல். வைத்தியநாதனுடையது. படம் சிறியது, மெதுவானது. மதிய உணவுக்குப் பிறகு பார்க்க உட்காராதீர்கள்.

இவற்றைப் பார்ப்பதற்கு முன் தொலைக்காட்சிப் பெட்டியின் அமைப்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய படங்கள் பலவும் சதுரத்துக்கு நெருக்கமான சட்டத்தில் கிடைக்கின்றன. இன்றைய அகலமான திரை அவற்றை இருபுறமும் இழுத்து நிரப்பும்படி பல வீடுகளில் அமைக்கப்பட்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஸ்ரீப்ரியாவின் முகமும் பாகவதரின் முகமும் பருத்துத் தெரியும். ஒளிப்பதிவாளர் கணக்குப் போட்டு வைத்த இடைவெளிகள் அத்தனையும் பாழாகும். ரிமோட்டில் படச் சட்டத்தை மாற்றி, இருபுறமும் கறுப்புப் பட்டை தெரிந்தாலும் பரவாயில்லை என்று மூல அளவுக்குக் கொண்டுவாருங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்றையும் புதிய பெட்டிகள் தாமாகவே செயல்படுத்தி வைத்திருக்கும். அதையும் அணைத்துவிடுங்கள், இல்லையேல் படம் நாடகத் தொடர் போலத் தோன்றும். யூடியூபில் ஒரே படத்துக்குப் பல பதிவுகள் இருந்தால் நீளத்தை ஒப்பிட்டு அதிக நிமிடங்கள் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பாட்டையும் சில காட்சிகளையும் வெட்டிவிட்டு ஏற்றப்பட்ட பிரதிகள் நிறைய உலவுகின்றன.

அண்மைக் காலத்துக்கு வந்தால், லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யைப் பற்றி நான் நீளமாகவே சொல்ல வேண்டும். விஜய் சேதுபதி தயாரித்து, 2018 ஆகஸ்டில் வெளிவந்த படம். இளையராஜா இசை, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. தேனிப் பக்கத்து அடிவாரக் கிராமங்களிலிருந்து மலையேறிப் போய், கேரளத்து ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்தும் மூட்டை சுமந்து இறக்கியும் பிழைக்கும் மக்களே இதன் மாந்தர்கள். ரங்கசாமிக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பதுதான் கதையின் ஒரே ஆசை. முதல் பாதியில் பெரிதாக எதுவும் நடக்காது. ரங்கசாமி விடியும் முன்னே மலை ஏறுகிறான், வழியில் சந்திக்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ சொல்கிறார்கள், டீ குடிக்கிறார்கள், ஒரு மூட்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறுகிறது. இங்கேதான் பலர் படத்தை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், அந்த ஏற்றத்தில் நாம் அறிமுகமான ஒவ்வொரு முகமும், ஒவ்வொரு சின்னக் கொடுக்கல் வாங்கலும், இரண்டாம் பாதியில் அந்த உலகம் கலையும்போது திரும்பக் கணக்குக் கேட்கிறது. பாதையில் ஏலக்காய் மூட்டை ஒன்று போய்விடும் காட்சியில், அதன் விலை என்ன என்று யாரும் நமக்குச் சொல்லத் தேவையில்லாதபடி, அதுவரை நடந்த நடை நமக்கே அதைக் கற்றுத் தந்திருக்கும்.

அந்தப் படம் நிலமற்றவர்களை ஏமாற்றும் ஒற்றை வில்லனைக் காட்டுவதில்லை. தொழிற்சங்கம் இருக்கிறது, அதில் நேர்மையான தோழரும் இருக்கிறார், சமரசம் செய்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள்; விதையையும் உரத்தையும் கடனாகக் கொடுக்கிறவன் சிரித்த முகத்தோடுதான் கொடுக்கிறான். ஒருவன் நிலத்தை வாங்குவதற்கு வாழ்நாளில் பாதி ஆகிறது என்பதையும் அது கைவிட்டுப் போக எவ்வளவு குறைந்த நாட்கள் போதும் என்பதையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறார் இயக்குநர். முகம் தெரிந்த நடிகர்கள் அநேகமாக இல்லை; அந்தப் பகுதி மக்களையே அதிகம் நடிக்க வைத்திருக்கிறார்கள். இளையராஜா பெரும்பாலான இடங்களில் ஒதுங்கி நின்று காற்றுக்கும் காலடிக்கும் இடம் விட்டிருப்பதால், எப்போது அவர் உள்ளே வருகிறார் என்பதே ஒரு செய்தியாகிவிடுகிறது. கடைசிக் காட்சியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. யாரேனும் சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். முடிந்தவரை பெரிய திரையில், விளக்கை அணைத்துப் பாருங்கள்.

ஒளிப்பதிவாளர் செழியன் இயக்கிய ‘டுலெட்’ இதற்கு நேரெதிரான அளவுடையது: ஒரு சிறு வீடு, மூன்று பேர், ஒரு மாதத் தவணை. 2007இல் தகவல் தொழில்நுட்ப வேலைகள் பெருகிச் சென்னையின் வாடகை ஏறத் தொடங்கிய நேரத்தில், சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கும் இளங்கோவின் குடும்பம் வீட்டைக் காலி செய்யும்படி சொல்லப்படுகிறது. என்ன சாதி, என்ன சாப்பிடுவீர்கள், என்ன வேலை என்று வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள் வாடகைக்குக் குடியிருந்த எவருக்கும் புதியவை அல்ல. 2017ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றும், 2019 பிப்ரவரியில்தான் திரைக்கு வந்தது. பின்னணி இசையே இல்லாத படம் என்பதால் குழாய்ச் சொட்டும் மின்விசிறியும் அடுத்த வீட்டுப் பேச்சும்தான் அதன் இசை. பெட்டியின் சின்ன ஒலிபெருக்கி இதற்குப் போதாது, ஹெட்ஃபோனோ தனி ஸ்பீக்கரோ வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ‘வீடு’ படங்களாக, பாலு மகேந்திராவின் இரண்டையும் இதையும் மூன்று வாரங்களில் வரிசையாகப் பார்த்தால், சுமார் இருபது ஆண்டுகளில் இந்த நகரத்தில் ஒரு நடுத்தரக் குடும்பம் எதற்காக ஏங்கியது, எதோடு திருப்திப்பட்டுக்கொள்ளப் பழகியது என்பது தெரியும். உங்கள் குடும்பத்துக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் திட்டம் இதுதான்.

நேரம் குறைவாக இருக்கும் நாட்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் இரு படங்கள் உள்ளன. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் முதன்மைப் பரிசான டைகர் விருதைப் பெற்றது. குடித்துவிட்டுப் பள்ளிக்கு வந்து மகனை இழுத்துக்கொண்டு போகும் தந்தை, கோபித்துக்கொண்டு போன மனைவியைத் தேடி மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் நடப்பதுதான் முழுப் படமும். வசனம் மிகக் குறைவு. அந்தச் சிறுவன் தந்தைக்குத் தெரியாமல் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளைப் பின்தொடர்ந்தால் கதை தானே விளங்கும்.

மற்றொன்று, அருண் கார்த்திக்கின் ‘நசீர்’ (2020). திலீப்குமாரின் ‘ஒரு குமாஸ்தாவின் கதை’ என்ற சிறுகதையிலிருந்து எடுத்தது. கோயம்புத்தூரில் ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனையாளராக இருக்கும் ஒரு முஸ்லிமின் ஒருநாள் பொழுது, வேண்டுமென்றே தேர்ந்த அந்தப் பழைய சதுரச் சட்டத்துக்குள் விரிகிறது: தண்ணீர் பிடிப்பது, மனைவியை ஊருக்கு வழியனுப்புவது, கடைப் பொம்மைக்குத் துணி மாற்றுவது, மதிய வேளையில் ஒரு கவிதை. புதுச்சேரி நாடகக் கலைஞரான குமரன் வளவன் நசீராக நடித்திருக்கிறார். தெருவில் ஒலிபெருக்கியில் யாரோ பேசிக்கொண்டே இருப்பதை முதலில் நாமும் நசீரைப் போலவே காதில் வாங்காமல் கடந்துவிடுகிறோம்; வெறுப்புப் பேச்சு அங்கே தெருச் சத்தங்களில் ஒன்றாகக் கலந்துவிட்டிருக்கிறது என்பது மெதுவாகத்தான் உறைக்கிறது. படத்தின் முடிவு வன்முறையானது. வளர்ந்தவர்கள் மட்டும் பார்ப்பது நல்லது. உங்கள் பெற்றோரைக் கேட்டுக்கொண்டு, முடிந்த பிறகு சற்று உட்கார்ந்து பேச நேரம் இருக்கும் ஒரு மாலையில் போடுங்கள். தூங்கப் போகும் முன் வேண்டாம்.